கடைக்கும் வீட்டுக்கும் இணையக் கேமரா: பதிவு எங்கே இருக்கணும், சாவி யார் கையில் இருக்கணும்?

மாறன்:

வணக்கம் நண்பர்களே. கீழே கடை, மேலே வீடு. கடையில் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். கடை வாசல், கல்லா, பின்பக்கக் கிடங்கு, வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு என்று நான்கு இடங்களில் கேமரா வைக்க நினைக்கிறேன். வெளியூரில் இருக்கும்போது போனில் பார்க்க முடிய வேண்டும். இணைய இணைப்பு அவ்வப்போது போய்விடும், அப்போதும் பதிவு நிற்கக் கூடாது.

விசாரிக்கப் போனால் ஒருவர் 4கே என்கிறார், இன்னொருவர் வைஃபை போதும் என்கிறார், மூன்றாமவர் கிளவுட் (நிறுவனத்தின் இணையச் சேமிப்பு) சந்தா கட்டினால் வேறு எதுவும் வேண்டாம் என்கிறார். என் வீட்டுப் படிக்கட்டை நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டால் மட்டும் யாரிடமும் தெளிவான பதில் இல்லை. எதை முதலில் முடிவு செய்வது, எதைப் பிறகு பார்ப்பது?

கம்பிவடம்:

தம்பி, கேமரா மாடலை இப்போதைக்கு மறந்துடுங்க. நான் இந்த வேலையிலேயே இருக்கிறவன், அதனால் சொல்றேன். ஒரு தாள் எடுத்து நாலு இடத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இங்கே என்ன தெரியணும்" என்று எழுதுங்க. ஆள் வந்தது தெரிந்தால் போதுமா? வந்தவர் நமக்குப் பழக்கமானவரா என்று தெரியணுமா? முன்பின் பார்க்காத ஆளின் முகத்தை நாளைக்கு இன்னொருவரிடம் காட்டி அடையாளம் சொல்ல வைக்கணுமா? மூன்றும் வேறு வேறு வேலை.

இதற்குக் கணக்கே இருக்கு. ஐஇசி 62676-4 என்கிற தர விதியின் 2014 பதிப்புப்படி, ஆள் நடமாட்டம் தெரிய மீட்டருக்கு 25 பிக்ஸல் போதும். தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்ல 125. தெரியாத முகத்தை அடையாளம் காட்ட 250. இப்போ 1080பி கேமரா 90 டிகிரி அகலத்துக்குப் பார்க்குதுன்னு வைங்க. 4 மீட்டர் தள்ளி நிற்கிறவர் இருக்கும் இடத்தில் படத்தின் அகலம் 8 மீட்டர். குறுக்கே 1920 பிக்ஸல். வகுத்தால் மீட்டருக்கு 240. அதாவது 4 மீட்டருக்கு அந்தப் பக்கம் முகம் கலங்க ஆரம்பிக்கும். குறுக்கே இரண்டு மடங்கு பிக்ஸல் இருக்கிற 4கே-யில் அதே தெளிவு 8 மீட்டர் வரை வரும். ஆனால் உங்க கல்லா எதிரே நிற்கிறவர் இரண்டு மீட்டரில் இருப்பார். அங்கே 4கே எதற்கு?

4கே பற்றி இன்னொன்று, இதை விற்கிறவர் சொல்ல மாட்டார். மெகாபிக்ஸல் கூடுது, வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சென்சார் அதே அளவில் இருந்தால் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் கிடைக்கிற வெளிச்சம் குறையும். 1/2.8 அங்குலச் சென்சாரில் 8 மெகாபிக்ஸலைத் திணித்த கேமராவைவிட, 1/1.8 அங்குலச் சென்சாரில் 4 மெகாபிக்ஸல் இருக்கிற கேமரா ராத்திரியில் நல்ல படம் தரும். திருடு போறது பெரும்பாலும் இருட்டில்தான். விவரத்தாளில் சென்சார் அளவு போடலைன்னா கேட்டு வாங்குங்க.

கடை வாசல்தான் இருக்கிறதிலேயே கஷ்டமான இடம். உள்ளே இருந்து வெளியே பார்த்து வைத்தால் பகலில் வருகிறவர் முகம் கரியாத் தெரியும். வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன் செய்கிறதுக்குப் பெயர் டபிள்யூடிஆர். அது 120 டெசிபல் என்று போட்டிருக்கிற கேமரா அங்கே கட்டாயம். வெறும் "டிஜிட்டல் டபிள்யூடிஆர்" போதாது. உயரமும் முக்கியம். எட்டாத உயரத்தில் மாட்டினால் பத்திரம் என்று நினைத்து 4 மீட்டர் மேலே மாட்டுவாங்க, அப்புறம் எல்லாப் பதிவிலும் உச்சந்தலைதான் இருக்கும். முகம் வேணும்னா இரண்டரை மீட்டருக்கு மேலே போகாதீங்க.

நிலவன்:

நான் கிளவுட் பக்கம்தான் பேசுவேன், காரணமும் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் திருடு போனபோது மேசை மேல் இருந்த கணினியோடு கேமராப் பதிவுக் கருவியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த எல்லாப் பதிவும் அதோடு போனது. மிஞ்சியது வாசல் கேமரா ஒன்று மட்டும் கிளவுடுக்கு அனுப்பியிருந்த சிறு துணுக்குகள். அதில் முகம் இருந்தது. அந்த ஒன்றுதான் பயன்பட்டது. எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள் என்று சொல்பவர்கள் இதற்கு விடை சொல்லிவிட்டுப் பேசட்டும்.

செந்தூரி:

நிலவன் சொல்வது நியாயமான கேள்வி, அதற்கு வருகிறேன். முதலில் மாறன் கேட்ட உத்தரவாதம் பற்றி. நான் வலையமைப்புப் பாதுகாப்பில் வேலை செய்கிறேன்.

கேமரா என்று நாம் வாங்குவது லென்ஸ் பொருத்திய ஒரு கணினி. அதில் இயங்குதளம் இருக்கிறது, ஓட்டைகள் இருக்கின்றன, அது நாள் முழுக்க இணையத்தில் கிடக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது. அது வைத்திருந்த ஆயுதம் ஆலையிலேயே போட்டு அனுப்பும் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சம், அவ்வளவுதான். அதை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பிடித்தது. அந்த அக்டோபர் 21 அன்று தளப்பெயர்களுக்கு இணைய முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெடிட் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. தாக்கியவை வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த பெட்டிகள். உரிமையாளர்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் கேமராக்கள் வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டுதான் இருந்தன.

கிளவுடில் வேறு வகை ஆபத்து. 2021 மார்ச்சில் வெர்காடா நிறுவனத்தின் உச்ச அதிகாரக் கணக்கு ஒன்று வெளியாள் கையில் சிக்கியதால் ஏறத்தாழ 1,50,000 கேமராக்களைப் பார்க்க முடிந்தது. மருத்துவமனை, சிறை, பள்ளி எல்லாம் அதில் அடக்கம். 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் சேவை விழுந்து மீண்டபோது சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் கேமராவின் சிறுபடங்கள் தெரிந்தன. அதில் 1,504 பேர் அவற்றைத் தொட்டும் பார்த்துவிட்டார்கள். பயனர் தரப்பில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. பலமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

ஆகவே மாறன், கம்பிவடம் அண்ணா சொன்ன தாளில் இன்னொரு வரிசை சேருங்கள். இந்த இடத்தின் பதிவு எங்கே தங்கப் போகிறது, அதைத் திறக்க யார் யாரால் முடியும்? கிடங்குப் பதிவு கசிந்தால் பெரிய நட்டமில்லை. வீட்டுப் படிக்கட்டுப் பதிவு கசிந்தால் நீங்கள் எப்போது வீட்டில் இல்லை என்பது கசிகிறது. நான்குக்கும் ஒரே விடை இருக்க வேண்டியதில்லை.

நிலவன்:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் "கிளவுடே வேண்டாம், மெமரி கார்டில் மட்டும் பதிவு" என்று சொல்லி விற்கும் கேமரா வாங்கினால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

செந்தூரி:

அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்ப முடியாது. பதிவு வீட்டிலேயே தங்கும் என்று விளம்பரம் செய்த யூஃபி கேமராக்கள், அறிவிப்புக்கான சிறுபடங்களைக் கிளவுடுக்கு அனுப்பியதை 2022 நவம்பரில் ஓர் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். சாதாரணக் காணொளி இயக்கியிலேயே நேரலையைத் திறக்க முடிகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. கேமராவை மாட்டி, ரவுட்டரில் அந்தக் கேமராவுக்கு மட்டும் வெளி இணையத்தை அடைத்துவிடுங்கள். அதன் பிறகும் வீட்டுக்குள் படம் தெரிகிறதா, பதிவாகிறதா, பழைய பதிவைத் தேட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது உங்கள் கேமரா. முடியாவிட்டால் நிறுவனத்தின் சேவையகம் இருக்கும் வரைதான் அது ஓடும். கூகுள் 2024 ஏப்ரலில் டிராப்கேம் கேமராக்களுக்கான ஆதரவை நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவையும் அன்றோடு வேலை செய்யவில்லை.

வாங்கும் முன்பே தெரிய வேண்டுமானால் விவரத்தாளில் ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி (நேரலைப் படத்தை அனுப்பும் பொது முறை) இரண்டும் உண்டா என்று பாருங்கள். ஆன்விஃப் என்பது 2008-இல் ஆக்ஸிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொது ஒழுங்கு. அது இருந்தால் ஒரு நிறுவனத்துக் கேமராவை இன்னொரு நிறுவனத்துப் பதிவுக் கருவியில் இணைக்கலாம். இடம் குறைவாகப் பிடிக்கும் எச்.265 பதிவும் வேண்டுமென்றால் புரொஃபைல் டி (Profile T) என்ற ஆன்விஃப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பிவடம்:

நிலவன் கேட்ட திருட்டு விஷயத்துக்கு நான் சொல்றேன். பதிவுக் கருவியைக் கல்லா மேசைக்கு அடியில் வைக்கிறதுதான் எல்லோரும் பண்ணுறது. கடைக்குள்ள நுழைகிறவன் முதலில் தேடுறதும் அங்கேதான். மாறனுக்கு மேலே வீடு இருக்கு. அந்தப் பதிவுக் கருவியை, என்விஆர் என்பாங்க, மேலே கொண்டு போய், காற்றோட்டம் இருக்கிற பூட்டுப் போட்ட அலமாரியில் வைங்க. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும், ஒரு மாடி ஒரு பொருட்டே இல்லை.

வைஃபையா கேபிளா என்பதில் என் பேச்சு மாறாது: நாலும் கேபிள். வைஃபை கேமராவுக்கு ஒயரே வேண்டாம் என்று நினைக்கிறாங்க. கரண்ட் ஒயர் எப்படியும் இழுக்கணும். இழுக்கிற ஒயர் பிஓஇ கேபிளாக இருந்தால் கரண்டும் படமும் ஒன்றிலேயே போகும். 802.3ஏஎஃப் என்கிற பிஓஇ தரத்துச் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், சாதாரணக் கேமராவுக்கு அது தாராளம். சுவிட்ச், என்விஆர், ரவுட்டர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் கொடுத்துட்டா கரண்ட் போனாலும் எல்லாக் கேமராவும் ஓடும். இணையம் போனாலும் பதிவு நிற்காது, மாறன் கேட்டது இதுதானே. வைஃபை கேமராவைத் துண்டிக்க வெளியே நின்று சமிக்ஞை அனுப்புகிற சின்னக் கருவி போதும்.

கேபிள் வாங்கும்போது கவனம். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசியது மலிவாக் கிடைக்கும். பிஓஇ-க்கு அது ஆகாது, தூரம் போனால் மின்னழுத்தம் இறங்கி ராத்திரி ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது கேமரா அணைந்து அணைந்து வரும். முனையைச் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையாத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்க. முழுச் செம்பு மட்டும்தான்.

பேட்டரி கேமரா பற்றி யாராவது கேட்பாங்க. அது எப்பவும் தூங்கிக்கிட்டு இருக்கும், உடல் சூட்டை உணர்ந்து எழுந்துதான் பதிவு பண்ணும். எழுவதற்குள்ள ஆள் பாதி தாண்டிடுவார். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவங்களுக்குச் சரி. கல்லாவுக்கு வேண்டாம்.

யாழினி:

இங்கே எல்லோரும் திருடனைப் பற்றியே பேசுகிறீர்கள். கேமரா நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது திருடனை இல்லை, நம் வீட்டு ஆட்களையும் வேலை செய்பவர்களையும்தான். அதையும் பேசவேண்டும் என்று எழுதுகிறேன்.

அம்மா தனியாக இருக்கிறார். விழுந்துவிட்டால் தெரியட்டும் என்று கூடத்தில் கேமரா வைக்கலாம் என்று தம்பி சொன்னான். அம்மாவிடம் கேட்டேன். "என் வீட்டில் நான் எப்படி உட்கார்ந்திருக்கேன்னு நீங்க பார்க்கணுமா?" என்றார். படுக்கையறை, குளியலறைக் கதவுகளில் கதவு உணரி, நடமாட்டத்தை மட்டும் உணரும் சிறு கருவி, கழுத்தில் ஓர் அவசர அழைப்புப் பொத்தான் என்று வைத்தோம். காலையில் வழக்கமான நேரத்துக்குள் சமையலறைப் பக்கம் நடமாட்டம் இல்லையென்றால் எங்களுக்குத் தகவல் வருகிறது. படம் எடுக்காமலே தேவை தீர்ந்தது. கேமரா வாசலில் மட்டும் இருக்கிறது.

மாறன், உங்கள் கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேரிடமும் கேமரா எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் உடை மாற்றும், சாப்பிடும் மூலை படத்தில் வரக் கூடாது. ஒலிப்பதிவை அணைத்தே வையுங்கள். ஒருவர் வாடிக்கையாளரோடும் வீட்டாரோடும் பேசுவதையெல்லாம் சேர்த்து வைப்பது களவைத் தடுக்க உதவாது, பல நாடுகளில் ஒலிக்குச் சட்டமும் தனி.

படிக்கட்டுக் கேமராவில் எதிர்வீட்டு வாசலோ தெருவோ விழுந்தால் "பிரைவசி மாஸ்க்" போட்டு அந்தப் பகுதியைக் கறுப்பாக்கிவிடலாம், பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், வீட்டுக் கேமராவே ஆனாலும் பொதுவழியைப் படம்பிடித்தால் அது வெறும் சொந்த விஷயமாகாது என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும் அடுத்த வீட்டு வாசல் அவர்களுடையது.

மாறன்:

யாழினி அக்கா, பணியாளர்களிடம் சொல்ல வேண்டும் என்று இதுவரை தோன்றவே இல்லை. இன்றைக்கே பேசுகிறேன். நன்றி.

ஹார்ட் டிஸ்க் எவ்வளவு வாங்குவது என்று கம்பிவடம் அண்ணா சொல்லுங்கள். வெளியிலிருந்து போனில் பார்ப்பதற்கு "போர்ட் ஃபார்வர்டு" செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். இன்னொருவர் ஸ்டிக்கரில் இருக்கும் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும் என்கிறார். அந்த ஸ்டிக்கரைப் படமெடுத்து இங்கே போட்டிருக்கிறேன், இந்த மாடல் பரவாயில்லையா?

மட்டுறுத்துநர்:

மாறன், படத்தை நீக்கிவிட்டேன். அந்த ஸ்டிக்கரில் உள்ள தொடர் எண்ணும் குறியீடும்தான் பல கேமராக்களை இணையம் வழியே அடையும் முகவரி. மாடல் பெயரை மட்டும் எழுத்தில் போடுங்கள். மற்றவர்களும் கவனிக்கவும்.

கம்பிவடம்:

டிஸ்க் கணக்கு: ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்புதுன்னு வைங்க. மணிக்கு 1.8 ஜிபி, நாளைக்கு 43 ஜிபி. நாலு கேமரா 173 ஜிபி. 2 டிபி டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பிப் பழையது அழிய ஆரம்பிக்கும். ஒரு மாசம் வேணும்னா 5.2 டிபி, அதனால் 6 டிபி வாங்குங்க. கேமராப் பதிவுக்கென்றே செய்த டிஸ்க்கா இருக்கணும், கணினி டிஸ்க் ராப்பகலா எழுதிக்கிட்டே இருந்தால் தாங்காது. இதே கணக்கில் நாலையும் கிளவுடுக்கு அனுப்பணும்னா பதிவேற்ற வேகம் 16 மெகாபிட் விடாமல் வேணும். அவ்வப்போது போகிற இணைப்பில் அது நடக்கிற காரியம் இல்லை.

செந்தூரி:

போர்ட் ஃபார்வர்டு, அதாவது இணையத்திலிருந்து நேரே கேமராவுக்கு ரவுட்டரில் கதவு திறந்து வைப்பது, வேண்டவே வேண்டாம். திறந்த கதவுகளைத் தேடி அட்டவணை போடும் ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதல் இருக்கிறது, உங்கள் கேமரா அதில் ஏறிவிடும். 2021-இல் ஹைக்விஷன் கேமராக்களில் வெளிவந்த ஓர் ஓட்டைக்குத் தீவிர மதிப்பு பத்துக்கு 9.8. கடவுச்சொல்லே தேவையில்லை, வெளியிலிருந்து எட்ட முடிந்தால் போதும், முழுக் கட்டுப்பாடும் கைக்கு வரும். நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. போட்டுக்கொள்ளாத கேமராக்கள் திறந்தே கிடந்தன. ரவுட்டரில் யுபிஎன்பி என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேமரா உங்களைக் கேட்காமல் தானே கதவைத் திறந்துகொள்ளும்.

நல்ல வழி விபிஎன், அதாவது இணையத்தின் வழியே போடும் பூட்டிய தனிப்பாதை. அதற்கான வயர்கார்டு மென்பொருள் உள்ள ரவுட்டரை வாங்கி, போனில் அதன் செயலியைப் போட்டால், வெளியூரிலிருந்தும் வீட்டுக்குள் இருப்பதுபோல என்விஆரைத் திறக்கலாம். உங்கள் இணைப்புக்குத் தனி ஐபி முகவரி தராத சேவை என்றால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவை உதவும். கேமராக்களை வீட்டுக் கணினியும் போனும் இருக்கும் வலையமைப்பிலிருந்து பிரித்து வையுங்கள். பின்பக்கம் பிஓஇ போர்ட் உள்ள என்விஆர்கள் பெரும்பாலும் தாங்களே அப்படிப் பிரித்துவிடும். நிலவன் கேட்டதற்கு வாசல் கேமராவின் அசைவுத் துணுக்குகளை மட்டும் வேறிடத்தில் சேமிக்கச் சொல்லலாம். அது பொதுவழியில் தெரிவதுதான், கசிந்தாலும் இழப்புக் குறைவு. கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்புக் கட்டாயம்.

இன்னொன்று, யாரும் கேட்காத கேள்வி. நிர்வாகக் கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது? மாட்டிக் கொடுப்பவர் தன் மின்னஞ்சலில் திறந்து, உங்களுக்குப் பகிர்ந்துவிட்டுப் போவது நடக்கிறது. பூட்டு மாட்ட வந்தவர் ஒரு சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு போவது போல.

கம்பிவடம்:

அந்தப் பழக்கம் எங்க தொழிலில் இருக்கிறது உண்மை. பத்து வாடிக்கையாளர் ஒரே நாளில் பாஸ்வேர்டு மறந்துட்டேன் என்று கூப்பிடும்போது அது வசதி. ஆனாலும் தப்புதான். கணக்கை உங்க போனில், உங்க மின்னஞ்சலில், உங்க கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்க. பழுது பார்க்க வரும்போது தற்காலிகக் கணக்கு கொடுத்துட்டு, போனதும் நீக்கிடுங்க. கடைப் பையன்களுக்கு நேரலை மட்டும் பார்க்கிற கணக்கு போதும்.

நிலவன்:

வாசல் கேமரா மட்டும் வெளியே, மற்றவை உள்ளே என்பது எனக்கும் சரியாகப் படுகிறது. இதோடு, எத்தனை வருடம் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்றும் கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்கத் தடை, திருத்தம் எதுவரை வரும் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும். அங்கே விற்கும் மாடல் என்றால் அந்தத் தேதியை நிறுவனத்தின் பக்கத்தில் நாமும் பார்க்கலாம்.

மாறன்:

நான்கும் கேபிள், என்விஆர் மேலே வீட்டில், வாசல் தவிர எதுவும் வெளியே போகாது. கல்லாவுக்கு 4 மெகாபிக்ஸல், படிக்கட்டில் எதிர்வீட்டுக் கதவுக்கு மாஸ்க். மாட்டி முடித்ததும் எதைச் சோதித்துவிட்டு வேலையை ஏற்றுக்கொள்வது?

கம்பிவடம்:

பகலில் படம் பார்த்துட்டு சரி சொல்லிடாதீங்க. ராத்திரி விளக்கை அணைத்துட்டு வாசலில் இருந்து கல்லா வரை வேகமா நடங்க. அந்தப் பதிவை நிறுத்திப் பார்த்தால் முகம் இழுபட்டுத் தெரிந்தால் ஷட்டர் வேகத்தைக் கூட்டணும், இல்லை சின்னதா ஒரு விளக்கு விட்டு வைக்கணும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால் ஐஆர் வெளிச்சம் திரும்பி அடித்துப் படம் முழுக்க வெள்ளையாகும். ஐஆர் விளக்கைச் சுற்றிச் சிலந்தி கூடு கட்டும், மாசம் ஒருமுறை துடைக்கணும். அப்புறம் ஒரு துணுக்கை யுஎஸ்பியில் எடுத்து வேறு கணினியில் ஓட்டிப் பாருங்க. தேவைப்படுகிற அன்றைக்குத்தான் பல பேர் முதல்முறையா அந்தப் பொத்தானைத் தேடுறாங்க.

செந்தூரி:

அப்படி எடுத்த துணுக்கில் நேரம் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள் மாறன். கேமராக்களுக்கு வெளி இணையத்தை அடைத்துவிட்டால் அவற்றால் வெளியே கேட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ள முடியாது, கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஒவ்வொரு கேமராவிலும் நேரத்தை எங்கே கேட்பது என்று சொல்லும் என்டிபி அமைப்பில் என்விஆரின் முகவரியைக் கொடுங்கள், என்விஆர் மட்டும் வெளியே கேட்டுச் சரிசெய்துகொள்ளட்டும். ஒருவர் வாசலில் நுழைந்த நேரமும் கல்லாவில் நின்ற நேரமும் முன்பின்னாக இருந்தால் அந்தப் பதிவை வைத்து எதையும் நிறுவ முடியாது.